இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு, அதாவது பலாலி விமான நிலையத்துக்கு, நேர்கோட்டில் அளந்தால் சுமார் 355 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்குச் சுமார் 400 கிலோமீட்டர். யாழ்ப்பாணம்தான் கிட்டே இருக்கிறது. ஆனால் கோவைக்கு ஜெட் விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம் என்று டிக்கெட்டில் இருந்தால், யாழ்ப்பாணத்துக்கு ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை போட்டிருப்பார்கள். சிங்கப்பூரைத் தேடிப் பார்த்தாலும் இதே கதைதான். தூரம் சொல்லும் இணையதளம் மூன்றரை மணி நேரம் என்னும். டிக்கெட்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். லண்டனுக்குப் போக ஒரு நேரம், திரும்பி வர வேறு நேரம்.

இவற்றில் எதுவுமே தவறில்லை. இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரே ஒரு தூரமும் ஒரே ஒரு நேரமும்தான் உண்டு என்று நாம் நினைத்துக்கொள்வதால் குழப்பம் வருகிறது. எந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துவிட்டால், ஒரு காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு உலகத்தின் எந்த இரண்டு ஊர்களுக்கும் நாமே கிட்டத்தட்ட சரியாகக் கணக்குப் போடலாம்.

கையால் ஒரு கணக்கு

பூமியில் ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு எண்கள் போதும். நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே என்பது அட்சரேகை. லண்டன் கிரீனிச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே அல்லது மேற்கே என்பது தீர்க்கரேகை. சென்னை விமான நிலையம் வடக்கே 12.98 டிகிரி, கிழக்கே 80.16 டிகிரி. பலாலி வடக்கே 9.79 டிகிரி, கிழக்கே 80.07 டிகிரி.

இரண்டுக்கும் தீர்க்கரேகை ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியென்றால் பலாலி சென்னைக்கு நேர் தெற்கே இருக்கிறது. அட்சரேகைகளை மட்டும் கழித்தால் போதும்: 12.98இலிருந்து 9.79 போனால் 3.19 டிகிரி. அட்சரேகையில் ஒரு டிகிரி நகர்ந்தால் தரையில் 111 கிலோமீட்டர். பெருக்கினால் 354. சூத்திரம் எதுவும் இல்லாமலே விடை வந்துவிட்டது.

விமானிகள் இதையே கடல் மைலில் சொல்வார்கள். ஒரு டிகிரிக்கு 60 கலைகள் (நிமிடங்கள்). அட்சரேகையில் ஒரு கலை ஏறத்தாழ ஒரு கடல் மைல். இன்று அதைச் சரியாக 1.852 கிலோமீட்டர் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். 3.19ஐ 60ஆல் பெருக்கினால் சென்னை–பலாலி 191 கடல் மைல். வரைபடத்தின் கோடுகளிலிருந்தே தூரத்தை எடுத்துவிடலாம் என்ற வசதிக்காகத்தான் கப்பல்களிலும் விமானங்களிலும் கடல் மைலும், மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேகமான 'நாட்'டும் இன்றும் நிலைத்திருக்கின்றன.

கோவைக்கு இன்னும் ஒரு படி வேண்டும், ஏனென்றால் அது சென்னைக்குத் தெற்கேயும் இருக்கிறது, மேற்கேயும் இருக்கிறது. தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டில் விலகி இருந்து துருவத்தை நெருங்க நெருங்கக் கிட்டே வந்து, கடைசியில் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடும். அதனால் ஒரு டிகிரி தீர்க்கரேகையின் அகலம் ஊருக்கு ஊர் மாறும்: நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டர், சென்னை இருக்கும் அட்சரேகையில் 108, லண்டனில் வெறும் 69. கோவை விமான நிலையம் வடக்கே 11.03, கிழக்கே 77.04. சென்னையிலிருந்து தெற்கே 1.95 டிகிரி, அதாவது 216 கிலோமீட்டர். மேற்கே 3.12 டிகிரி, இந்தப் பகுதியில் ஒரு டிகிரிக்கு 109 என்று வைத்தால் 340 கிலோமீட்டர். அப்புறம் பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான். விடை 403.

பக்கத்து ஊர்களுக்கு இந்த முறை நன்றாகவே வேலை செய்யும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் என்று வரும்போதுதான் பூமியின் வளைவு குறுக்கே வந்து நிற்கும். அங்கே 'ஹேவர்சைன்' என்ற கோளக் கணிதச் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொண்டு, இரண்டு இடங்களும் பூமியின் மையத்தில் எவ்வளவு கோணம் உண்டாக்குகின்றன என்று கண்டுபிடித்து, அதை ஆரத்தால் பெருக்குகிறது அந்தச் சூத்திரம். சென்னை–சிங்கப்பூருக்குப் போட்டால் சுமார் 2,920 கிலோமீட்டர் வரும். சென்னை–லண்டன் ஹீத்ரோவுக்குச் சுமார் 8,230.

ஒரு தளம் 2,915 என்றும் இன்னொன்று 2,925 என்றும் காட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை. பூமி சரியான உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பவர்களும் உண்டு, எடுக்காதவர்களும் உண்டு. விமான நிலையத்தில் எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறார்கள் என்பதும் ஒன்றிரண்டு கிலோமீட்டரை மாற்றும்.

வரைபடத்தில் ஏன் வளைந்து தெரிகிறது?

நாம் சுவரில் மாட்டும் உலக வரைபடம் பெரும்பாலும் 1569இல் மெர்காட்டர் வகுத்த முறையில் வந்தது. திசையை அது ஒழுங்காகக் காட்டும். ஆனால் வடக்கிலும் தெற்கிலும் போகப்போக நிலத்தை இழுத்துப் பெரிதாக்கிவிடும். கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரிய ஆப்பிரிக்கா, அந்த வரைபடத்தில் கிரீன்லாந்து அளவுக்குத்தான் தெரியும். இப்படி இழுக்கப்பட்ட படத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அந்தக் கோடு பூமியில் குறுகிய வழியாக இருக்காது.

வீட்டில் பூமி உருண்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்ரிட் மேல் ஒரு நூலின் முனையை வைத்து, மறுமுனையை நியூயார்க் மேல் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். இரண்டு ஊர்களுமே ஏறக்குறைய 40.5 டிகிரி வடக்கில்தான் இருக்கின்றன. ஆனாலும் நூல் அந்த அட்சரேகையோடு ஒட்டிப் போகாமல், அட்லாண்டிக்கின் நடுவே வடக்கு நோக்கி ஏறி இறங்கும். அட்சரேகையைப் பிடித்துக்கொண்டே நேர் மேற்கே போனால் சுமார் 5,930 கிலோமீட்டர். நூல் காட்டும் வழியில் சுமார் 5,760. 170 கிலோமீட்டர் மிச்சம். நூல் காட்டும் இந்தக் கோட்டைத்தான் பெருவட்டப் பாதை என்கிறார்கள். பூமியை மையத்தின் வழியாகச் சரிபாதியாக வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டத்தின் ஒரு துண்டு அது. இணையத்தில் 'விமான தூரம்' என்று கிடைக்கும் எண் பெரும்பாலும் இதுதான்.

அந்தக் கோட்டில் விமானம் போகிறதா?

கிட்டத்தட்டப் போகும், முழுக்கப் போகாது. முதல் விலகல் ஓடுபாதையிலேயே ஆரம்பித்துவிடும். விமானம் காற்றை எதிர்த்து ஏறும், காற்றை எதிர்த்தே இறங்கும். சென்னையின் முதன்மை ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு–மேற்காகக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாளில் கிழக்கே இருக்கும் சிங்கப்பூருக்குப் போகிற விமானமும் முதலில் மேற்குப் பக்கமாக ஏறி, பிறகுதான் திரும்பும். அதன்பின் கட்டுப்பாட்டு அறை வகுத்த புறப்பாட்டுப் பாதை. அதற்குப் பிறகு, ஐந்தெழுத்துப் பெயர் வைத்த வழிப்புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும் வான்வழி. கடைசியில் மறுபடியும் வளைந்து வரும் இறங்குபாதை. லண்டன் ஹீத்ரோ போல நெருக்கடியான இடத்தில் ஓடுபாதைக்கு முறை வரும்வரை விமானங்களை வானத்தில் வட்டமடிக்க வைப்பார்கள். பொவிங்டன், லாம்போர்ன், ஓக்கம், பிகின் என்று அதற்கென்றே நான்கு இடங்கள் அங்கே உண்டு.

இந்தச் சின்ன விலகல்களை ஈடுகட்ட, பயணத்தின் கரியமில வாயுவைக் கணக்கிடும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஓர் எளிய வழி வைத்திருக்கிறது. 550 கிலோமீட்டருக்குக் குறைந்த பயணத்துக்குப் பெருவட்டத் தூரத்தோடு 50 கிலோமீட்டர், 5,500 வரை 100, அதற்கு மேல் 125 கூட்டிக்கொள்கிறார்கள்.

பெரிய விலகல்கள் வேறு வகை. இமயமலைக்கு வடக்கே திபெத் பீடபூமியின் சராசரி உயரம் 4,500 மீட்டரைத் தாண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், விமானி உடனே சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும்; தலைக்கு மேல் விழும் ஆக்சிஜன் முகமூடிகள் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். கீழே தரையே அதைவிட உயரமாக இருந்தால் எங்கே இறங்குவது? அதனால் அந்தப் பகுதியைப் பெரும்பாலான விமானங்கள் சுற்றிக்கொண்டு போகின்றன.

அப்புறம் அரசியல். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபின், ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஃபின்னேர் ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. சைபீரியா வழியாகப் போகும் அந்தக் குறுக்குவழிதான் அந்த நிறுவனத்தின் வியாபாரத்துக்கே அடித்தளம். மூடியபிறகு வட துருவத்தைச் சுற்றிப் போக வேண்டியதாகி, பயணம் சுமார் 13 மணி நேரமானது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் நீண்டன. ஊர்கள் நகரவில்லை, பெருவட்டத் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. தூரம் காட்டும் தளத்துக்கு இதெல்லாம் தெரியாது. அந்தத் தளத்தைவிட டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை நம்புங்கள்; அதற்கு முதல் காரணம் இது.

நேரம்: வகுத்தால் மட்டும் வராது

சரி, தூரம் கிடைத்துவிட்டது. வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடுமா? முதலில் வேகத்தைப் பார்ப்போம். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரியவை சுமார் 900. சென்னை–யாழ்ப்பாணம் வழித்தடத்தில் ஓடும் ஏடிஆர் 72 விசிறி வைத்த விமானம். அது சுமார் 500. இதைவிட வேகமாகப் பறக்கச் சில விமானங்களால் முடியும். ஆனால் வேகம் கூடக்கூட எரிபொருள் செலவும் ஏறும் என்பதால், செலவையும் நேரத்தையும் எடைபோட்டு நிறுவனமே ஓர் அளவு வைத்திருக்கும்.

இந்த வேகம் பயணம் முழுவதற்கும் கிடைப்பதில்லை. டிக்கெட்டில் இருக்கும் நேரம், விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகர ஆரம்பிக்கும் கணத்தில் தொடங்கி, போன ஊரில் வாசலுக்கு வந்து நிற்கும் கணம்வரை உள்ள நேரம். நடுவே என்னென்ன இருக்கிறது? ஓடுபாதைவரை ஊர்ந்து போக வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். ஏறிய பிறகும் 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 460 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். இறங்குவதும் அவசரமாக நடப்பதில்லை. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகள் மனக்கணக்காகப் போடும் விதி. 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 195 கிலோமீட்டர். கோவைக்குப் போகும் 400 கிலோமீட்டரில் பாதித் தூரம் இறங்குவதற்கே தேவைப்படும் என்றால், குறுகிய பயணங்களில் அவ்வளவு உயரத்துக்கு ஏறவே மாட்டார்கள் என்பது புரிந்துவிடும்.

இந்த மெதுவான பகுதிகள் எல்லாம் சேர்ந்து தின்னும் நேரம், குறுகிய பயணமானாலும் நீண்ட பயணமானாலும் அநேகமாக ஒன்றுதான்: 30 முதல் 45 நிமிடம். நெருக்கடியான விமான நிலையமானால் இன்னும் கொஞ்சம். ஆகவே கணக்கு இப்படி: தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்து, அதோடு அரை மணியிலிருந்து முக்கால் மணிவரை கூட்ட வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்குப் போட்டுப் பாருங்கள். 355ஐ 500ஆல் வகுத்தால் 43 நிமிடம். அரை மணி கூட்டினால் ஒரு மணி 13 நிமிடம். கோவைக்கு 400ஐ 830ஆல் வகுத்தால் 29 நிமிடம். அரை மணிக்கு மேல் கொஞ்சம் கூட்டினால் ஒரு மணி ஐந்து. முதலில் பார்த்த புதிர் இங்கே தீர்ந்துவிட்டது. கிட்டே இருக்கும் ஊருக்கு மெதுவான விமானம் போகிறது, அவ்வளவுதான். சிங்கப்பூருக்கு 2,920ஐ 830ஆல் வகுத்தால் மூன்றரை மணி, 40 நிமிடம் கூட்டினால் நாலு மணி பத்து நிமிடம். இணையதளம் சொன்ன மூன்றரை மணி எங்கிருந்து வந்தது என்பதும் தெரிகிறது: அது வெறுமனே வகுத்துவிட்டு நின்றுவிட்டது.

குறுகிய பயணத்தில் இந்தக் கூட்டல்தான் பயணத்தில் பாதி. கோவைக்கு இன்னும் வேகமான விமானம் வந்தாலும் மிச்சமாவது ஐந்து நிமிடம்தான் என்பதற்குக் காரணம் அதுவே.

காற்று

விமானத்தின் வேகம் என்று சொன்னேனே, அது காற்றைப் பொறுத்த வேகம். நமக்கு வேண்டியது தரையைப் பொறுத்த வேகம். ஆற்றில் போகும் படகைப் போலத்தான் இது: துடுப்பு போடுகிறவரின் பலம் ஒன்றேயானாலும், நீரோட்டத்தோடு போனால் சீக்கிரம் கரை சேரும், எதிர்த்துப் போனால் தாமதமாகும். உயரத்தில் அப்படி ஓர் ஆறே ஓடுகிறது. தரையிலிருந்து ஒன்பது, பத்து கிலோமீட்டருக்கு மேலே, மித வெப்பப் பகுதிகளில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்று அது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். 1920களில் ஜப்பானில் வசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். ஆனால் தன் முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டதால் வெளியுலகில் பலருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானுக்கு மேலே உயரத்தில் பறந்த அமெரிக்க விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டித் தவித்தபோதுதான் அதன் பலம் உலகுக்கு உறைத்தது.

2020 பிப்ரவரியில் புயல் ஒன்றோடு சேர்ந்து இந்தக் காற்று வலுத்திருந்த இரவில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தொட்டது. ஒலியின் வேகத்தை அது தாண்டிவிடவில்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காற்றே வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் 1,050, 1,100 என்று வேகம் தெரிந்தால் காரணம் இதுதான்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் டெல்லி–சான்ஃபிரான்சிஸ்கோ. பெருவட்டக் கணக்கில் சுமார் 12,380 கிலோமீட்டர். அந்தக் கோடு ஆர்க்டிக்குக்குள், 75 டிகிரி வடக்குக்கும் மேலே போய் இறங்கும். ஏர் இந்தியா ஆரம்பத்தில் மேற்கே, ஐரோப்பா, அட்லாண்டிக் பக்கமாக, சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்தது. 2016 அக்டோபரில் திசையையே மாற்றியது. கிழக்கே கிளம்பி, ஜப்பானைத் தாண்டி, பசிபிக்கைக் கடந்து போனது. 15,300 கிலோமீட்டர். பழைய வழியைவிட 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆனால் பயணம் சுமார் பதினாலரை மணி நேரத்தில் முடிந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்!

வகுத்துப் பார்த்தால் காற்று செய்த வேலை கண்ணுக்குத் தெரியும். 15,300ஐ 14.5ஆல் வகுத்தால் மணிக்கு 1,055 கிலோமீட்டர். போயிங் 777 தன் பலத்தில் 900 அளவுக்குத்தான் போகும். மீதி 150ஐக் காற்று கொடுத்திருக்கிறது. பழைய வழியில் 13,900ஐப் பதினாறரை மணியால் வகுத்தால் 840தான் வரும். அங்கே காற்று பிடித்து இழுத்திருக்கிறது. திரும்பி வருவதும் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக் வழியாக. ஆக, போய்த் திரும்பினால் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடும் விமானம். நீளமான வழியே சீக்கிரமான வழி என்பதற்கு இதைவிட அழகான சான்றை நான் பார்த்ததில்லை.

பலரும் கேட்கும் ஒரு கேள்வியை இங்கேயே பார்த்துவிடலாம். பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் எதிரே வந்து நிற்க வேண்டாமா? சென்னையின் தரை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருப்பது உண்மைதான். ஆனால் காற்றும் அதோடு சேர்ந்தே சுழல்கிறது. மீனம்பாக்கத்தில் நிற்கும் விமானத்துக்கும் புறப்படுவதற்கு முன்பே அந்த வேகம் இருக்கிறது. அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே போனால் தாமதம் என்பதற்குக் காரணம் ஜெட் காற்றுதான்.

நம் பக்கத்தில் அதுவும்கூட எப்போதும் பொருந்தாது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே பாயும் ஒரு ஜெட் காற்று உண்டு. இதை 1958இல் விவரித்தவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். அந்த மாதங்களில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும்போது காற்று எதிர்ப்பக்கமாகவும், திரும்பும்போது சாதகமாகவும் இருக்கும். சென்னை–டெல்லி தெற்கு–வடக்காகப் போகும் வழி என்பதால் காற்று பக்கவாட்டில்தான் அடிக்கும். போக வர நேரம் அதிகம் மாறாது.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம், மொத்தத்தில் சமம் என்று தோன்றலாம். அப்படி நடப்பதில்லை. 5,400 கிலோமீட்டர் தூரம், விமானம் 900. காற்றே இல்லையென்றால் போக ஆறு, வர ஆறு, மொத்தம் 12 மணி. இப்போது 150 கிலோமீட்டர் வேகக் காற்று வீசட்டும். அதோடு போனால் 5 மணி 9 நிமிடம். எதிர்த்து வந்தால் 7 மணி 12 நிமிடம். கூட்டினால் 12 மணி 21 நிமிடம். மெதுவாகப் போகும் பயணத்தில் எதிர்க்காற்றுக்குள் இருக்கும் நேரமும் கூடிவிடுகிறது, அதனால்தான் இந்த நட்டம்.

கடிகாரம் சொல்வது வேறு

டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில் இருக்கும். நேரடியாகக் கழித்தால் தப்பான விடைதான் வரும். இரண்டையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிக்க வேண்டும்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னே இருக்கிறது. சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பி 4 மணி 20 நிமிடம் பயணம் செய்தால் நம் நேரப்படி விடிகாலை 3:20, சிங்கப்பூர் நேரப்படி காலை 5:50. கழித்துப் பார்ப்பவருக்கு ஏழு மணி நேரப் பயணம் போலத் தெரியும். திரும்பும்போது அதே 4 மணி 20 நிமிடம் இரண்டு மணிக்கும் குறைவாகத் தெரியும். யாழ்ப்பாணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 2006 முதல் இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றுதான்.

லண்டன் குளிர்காலத்தில் நம்மைவிட ஐந்தரை மணி பின்னே இருக்கும், கோடையில் நாலரை மணிதான். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்துக்கொள்கிறார்கள். சென்னையில் காலை 5:30க்குக் கிளம்பி 11 மணி நேரம் பயணம் செய்தால் நம் நேரப்படி மாலை 4:30. லண்டனில் அது ஜனவரியில் காலை 11 மணி, ஜூலையில் பகல் 12 மணி. அங்கிருந்து வேறு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் இந்த ஒரு மணியைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் பசிபிக் வழியாகப் போனால் இன்னும் வேடிக்கை. அக்டோபரில் டெல்லியிலிருந்து அதிகாலை 4 மணிக்குக் கிளம்பிப் பதினாலரை மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் காலை 6 மணி.

பெருவட்டத் தூரம் எதற்கு உதவும்?

இவ்வளவு விலகல் இருந்தும் அந்த எண்ணை யாரும் தூக்கி எறியவில்லை. விமானம் சுற்றிப் போனாலும், காற்று மாறினாலும், வான்வெளி மூடினாலும் மாறாத ஒரே எண் அதுதான். அதனால் சட்டங்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானம் நீண்ட நேரம் தாமதமானாலோ ரத்தானாலோ, அதற்கு நிறுவனமே பொறுப்பென்றால், பயணிக்குக் கிடைக்கும் இழப்பீடு பெருவட்டத் தூரத்தைப் பொறுத்தது. 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, அதைத் தாண்டினால் 400, ஒன்றியத்துக்கு வெளியே 3,500 கிலோமீட்டருக்கு மேல் போகும் பயணத்துக்கு 600.

ரோமிலிருந்து பிரசல்ஸில் விமானம் மாறி ஹாம்பர்க் போன பயணிகளின் வழக்கு ஒன்று ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு வந்தது. இரண்டு பயணங்களின் தூரத்தையும் கூட்டினால் 1,656 கிலோமீட்டர். ரோமிலிருந்து ஹாம்பர்க் வரை நேரே அளந்தால் 1,326. முதல் எண்ணை எடுத்தால் 400 யூரோ, இரண்டாவதை எடுத்தால் 250. பயணி எந்த ஊரில் விமானம் மாறினார் என்பது கணக்கில் வராது, புறப்பட்ட ஊருக்கும் கடைசியாகச் சேரும் ஊருக்கும் நடுவே உள்ள பெருவட்டத் தூரம்தான் செல்லும் என்று 2017இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 250 யூரோதான்.